மரபணு மாற்றிய ஈஸ்ட்டை ஜெல் மணியில் அடைத்துப் புரதம் எடுப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பயோடெக் படிக்கிற பிள்ளைகளும், புதிதாக ஃபெர்மென்டர் (நுண்ணுயிர் வளர்க்கும் தொட்டி) பக்கம் வந்தவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகளை இங்கே ஒரே இடத்தில் போட்டிருக்கிறேன். செய்முறை சம்பந்தப்பட்ட இடங்களில் பதில் நீளமாக இருக்கும், பொறுமையாகப் படியுங்கள். அங்கேதான் பெரும்பாலான ப்ராஜெக்ட்கள் சொதப்புகின்றன.

ஈஸ்ட்டை எதற்காக அடைத்து வைக்க வேண்டும்? சும்மா மீடியாவில் (செல் வளர்க்கும் சத்துத் திரவத்தில்) மிதக்கவிட்டால் புரதம் தராதா?

தாராளமாகத் தரும். ஆனால் ஈஸ்ட்டுக்கு நம் புரதத்தைச் செய்து கொடுப்பதில் எந்த அக்கறையும் கிடையாது, அதற்குத் தெரிந்தது பெருகுவது மட்டும்தான். நல்ல சாப்பாடும் 30 டிகிரி சூடும் கிடைத்தால் சாக்கரோமைசிஸ் என்கிற பேக்கரி ஈஸ்ட் சுமார் ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை இரண்டாகிவிடும். நாம் கொடுக்கிற சர்க்கரையிலும் நைட்ரஜனிலும் பெரும் பங்கு புதுச் செல்களின் சுவருக்கும் சவ்வுக்கும் ரைபோசோமுக்கும் போய்விடுகிறது, நாம் நுழைத்த மரபணுவின் புரதம் அதற்கு ஒரு கூடுதல் சுமைதான். செல்லை ஒரு ஜெல் மணிக்குள், அதாவது சிறு ஜெல் உருண்டைக்குள், நெருக்கமாக அடைத்துவிட்டால் கொஞ்ச நாளில் பெருக்கம் மட்டுப்படும், ஆனால் உள்ளே உயிரோட்டம் நிற்காது. சர்க்கரையைத் தின்றுகொண்டே இருக்கும். அந்த உழைப்பில் ஒரு பங்கையாவது நம் புரதத்தின் பக்கம் திருப்ப முடியுமா என்பதுதான் இந்த முறையின் மொத்தக் கேள்வியும்.

இன்னொரு காரணமும் இருக்கிறது. மீடியாவைத் தொடர்ந்து உள்ளே விட்டு, புரதம் கலந்த திரவத்தைத் தொடர்ந்து வெளியே எடுக்கும்போது, செல் பெருகுகிற வேகத்தைவிட நாம் திரவத்தை மாற்றுகிற வேகம் அதிகமானால் மிதக்கும் செல்கள் எல்லாம் அடித்துக்கொண்டு போய்விடும். ஜெல் மணிக்குள் இருக்கிற செல் போகாது. அதனால் வேகத்தை நம் வசதிக்கு வைத்துக்கொள்ளலாம்.

பெருகாமல் நிறுத்தி வைத்தால் செல் செத்துப்போகாதா?

பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள், பட்டினி போட்ட கல்ச்சரைப் பார்த்துப் பழகியதால் வருகிற நினைப்பு அது. 2014-இல் அமெரிக்காவில் ஃபிராங்க் ரோசன்ஸ்வைக்கின் குழு, கால்சியம் ஆல்ஜினேட் (கடல்பாசிப் பொருளில் செய்யும் ஜெல்) மணிகளில் ஈஸ்ட்டை அடைத்து, குளுக்கோஸை நிறுத்தாமல் கொடுத்துக்கொண்டே கவனித்தது. செல்கள் கிட்டத்தட்டப் பிரியவே இல்லை, ஆனால் சர்க்கரையைத் தின்பது நிற்கவில்லை. 17 நாள் ஓட்டத்தில் 95 சதவீதத்துக்கும் மேல் உயிரோடு இருந்தன. வயிறு நிறையச் சாப்பாடு இருக்கும்போதே பெருக்கத்தை மட்டும் நிறுத்திக்கொள்ள ஈஸ்ட்டால் முடியும் என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டிய வேலை இது. புரத உற்பத்திக்கு இந்த முறையை நாடுகிறவர்களுக்குப் பெரிய நம்பிக்கை தருவதும் இதுதான் என்பது என் கருத்து.

இது புதிய யோசனையா?

இல்லை. மரச் சீவலில் பாக்டீரியாவைப் படியவிட்டு அதன்மேல் திரவத்தை ஒழுகவிட்டு வினிகர் செய்கிற முறை 19-ஆம் நூற்றாண்டிலேயே ஐரோப்பாவில் இருந்தது. 1973-இல் ஜப்பானில் தனபே செய்யாகு நிறுவனத்தில் இச்சிரோ சிபாட்டாவின் குழு ஈ.கோலை பாக்டீரியா செல்களை பாலிஅக்ரிலமைடு ஜெல்லில் அடைத்து அஸ்பார்டிக் அமிலத்தைத் தொழிற்சாலை அளவில் எடுத்தது. 1977-இல் கியர்ஸ்டன், பக் இருவரும் ஈஸ்ட்டை ஆல்ஜினேட்டில் அடைத்து ஆல்கஹால் எடுத்துக் காட்டினார்கள். மரபணு மாற்றிய ஈஸ்ட்டை அடைப்பது அதற்குப் பிறகு வந்தது, பிளாஸ்மிட் தொலைந்துபோகிற தலைவலிதான் அதற்கு முக்கியத் தூண்டுதல்.

பிளாஸ்மிட் தொலைவது என்றால் என்ன? அடைத்து வைத்தால் அது எப்படி நிற்கும்?

நாம் நுழைத்த மரபணு பல சமயம் பிளாஸ்மிட் என்கிற தனி டிஎன்ஏ வளையத்தில் உட்கார்ந்திருக்கிறது. செல் பிரியும்போதெல்லாம் சில மகள் செல்களுக்கு அது போய்ச் சேராமல் விட்டுப்போகும். யூரா3 மாதிரி, செல் தனக்குத் தேவையான யூராசிலைத் தானே செய்துகொள்ள உதவும் ஒரு குறியீட்டு மரபணுவை அதே பிளாஸ்மிட்டில் வைத்து, யூராசில் இல்லாத மீடியாவில் வளர்த்தால் தொலைத்தவை வளராது, பிரச்சினை இல்லை. ஆனால் அந்த மீடியா விலை அதிகம், விளைச்சலும் குறைவு. செலவைக் குறைக்க ஈஸ்ட் சாறும் பெப்டோனும் போட்ட ஒய்பிடி மீடியாவுக்கு மாறினீர்கள் என்றால், யூராசில் அதிலேயே இருக்கிறது, பிளாஸ்மிட்டைத் தொலைத்த செல்லுக்குச் சுமையும் இல்லை, அதனால் அது மற்றதைவிட வேகமாக வளர்ந்து ஆளை அமுக்கிவிடும். ஒரு வாரத் தொடர் ஓட்டத்தில் புரதம் படிப்படியாக இறங்குவதற்கு இதுதான் வழக்கமான காரணம்.

பிரிந்தால்தானே தொலையும்? மணிக்குள் பிரிவு குறைவு, ஆகவே தொலைவதும் குறைவு. அதோடு உள்ளே இருக்கிற செல்களுக்கு இடையில் போட்டி போட்டு முந்துவதற்கு இடமும் இல்லை.

ஆனால் இதற்கு மரபணு வழியிலேயே தீர்வு உண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும். மரபணுவை நேராகக் குரோமோசோமில் பதித்துவிடலாம். இல்லையென்றால் நோவோ நோர்டிஸ்க் இன்சுலின் ஈஸ்ட்டில் செய்த மாதிரி, சர்க்கரையைச் செரிக்கத் தேவையான ட்ரையோஸ் பாஸ்பேட் ஐசோமரேஸ் மரபணுவைக் குரோமோசோமிலிருந்து எடுத்துவிட்டு, இன்னொரு ஈஸ்ட்டின் அதே மரபணுவை பிளாஸ்மிட்டில் வைக்கலாம். பிளாஸ்மிட் போனால் அந்தச் செல்லால் குளுக்கோஸில் வளரவே முடியாது. அழகான ஏற்பாடு. உங்கள் ஈஸ்ட்டில் இப்படி ஏதாவது ஏற்கெனவே இருந்தால், பிளாஸ்மிட்டைக் காப்பாற்றுவதற்காக மட்டும் மணி போட வேண்டிய அவசியம் இல்லை.

எந்த ஈஸ்ட் நல்லது, சாக்கரோமைசிஸா பிக்கியாவா?

அடைத்து வைப்பதற்கு என்றால் என் ஓட்டு சாக்கரோமைசிஸ் செரவிசியேவுக்குத்தான், அதாவது நம் பேக்கரி ஈஸ்ட். ஆக்சிஜன் குறைந்தால் நொதித்தலுக்கு மாறி ஆல்கஹால் விட்டுக்கொண்டு பிழைத்துக்கொள்ளும். மணியின் நடுப்பகுதியில் ஆக்சிஜன் எப்போதும் பற்றாக்குறைதான், அதனால் இந்தக் குணம் கை கொடுக்கும்.

பிக்கியா பாஸ்டோரிஸ் வேறு ரகம். 1970-களில் ஃபிலிப்ஸ் பெட்ரோலியம் நிறுவனம் மெத்தனாலைத் தின்று வளரும் கால்நடைத் தீவனமாக இதை வளர்க்கப் பார்த்தது. பிறகு 1980-களில் இது புரதம் எடுக்கும் ஈஸ்ட்டாக மாறியது. ஹைதராபாத்தின் சாந்தா பயோடெக்னிக்ஸ் 1997-இல் கொண்டுவந்த ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசியும், பெங்களூரின் பயோகான் இன்சுலினும் பிக்கியாவில் எடுத்தவை. இதன் பலமே அதன் ஏஓஎக்ஸ்1 ப்ரமோட்டர்தான் (ப்ரமோட்டர் என்பது மரபணுவை ஓடவைக்கும் சுவிட்ச் மாதிரியான டிஎன்ஏ பகுதி), மெத்தனாலைக் கொடுத்தால் மரபணு முழு வேகத்தில் ஓடும். சிக்கல் என்னவென்றால் மெத்தனாலை எரிக்க ஏகப்பட்ட ஆக்சிஜன் வேண்டும், ஜெல்லுக்குள் அது கிடைக்காது. அது தவிர, பிக்கியா மிதந்துகொண்டே லிட்டருக்கு 100 கிராம் உலர் எடை வரை அடர்த்தியாக வளரக்கூடியது. அடர்த்திக்காக அதை அடைக்க வேண்டிய தேவையே எழுவதில்லை. பிக்கியாவைத்தான் அடைப்பேன் என்று முடிவு செய்திருந்தால் மெத்தனாலை விட்டுவிட்டு, குளுக்கோஸிலோ கிளிசராலிலோ ஓடுகிற கேப் ப்ரமோட்டரை எடுத்துக்கொள்ளுங்கள், மணியையும் சிறியதாகப் போடுங்கள்.

எல்லாப் புரதத்துக்கும் இது சரிப்படுமா?

சரிப்படாது. இந்தக் கேள்வியைத்தான் எல்லோரும் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

செல்லுக்கு வெளியே சுரக்கப்படும் புரதமாக இருந்தால் மட்டும் மணி போடுவதில் பொருள் இருக்கிறது. ஹெபடைட்டிஸ் பி மேற்பரப்பு ஆன்டிஜனை எடுத்துக்கொள்ளுங்கள். 1986-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற, ஈஸ்ட்டில் செய்த முதல் மனிதத் தடுப்பூசி அதுதான். ஆனால் அந்தப் புரதம் செல்லுக்குள்ளேயே தங்கி, சுமார் 22 நானோமீட்டர் அளவுள்ள துகளாகச் சேர்கிறது. அதை எடுக்கச் செல்லை உடைத்தே ஆக வேண்டும். உடைக்கப் போகிற செல்லை எதற்கு மணியில் பத்திரப்படுத்துவது?

சுரக்க வைப்பதற்கு ஈஸ்ட்டின் ஆல்ஃபா ஃபேக்டர் என்கிற முன்தொடரைப் புரதத்தின் தலைப்பில் ஒட்டிவிடுவது வழக்கம். செல் அதைப் பார்த்துப் புரதத்தைச் சுரப்புப் பாதையில் அனுப்பும், போகிற வழியில் கெக்ஸ்2 என்கிற நொதி அந்தத் தொடரை வெட்டிவிடும். அப்புறம் புரதம் ஜெல்லையும் தாண்டி வெளியே வர வேண்டும். ஆல்ஜினேட்டின் துளைகள் சில நானோமீட்டரிலிருந்து பத்து இருபது நானோமீட்டர் வரைதான். சுமார் 6 கிலோடால்டன் (மூலக்கூறு எடையின் அலகு) உள்ள இன்சுலின் மாதிரிப் புரதம் சிரமமில்லாமல் வந்துவிடும். 66 கிலோடால்டன் ஆல்புமின் மெதுவாக வரும். 150 கிலோடால்டன் ஆன்டிபாடியை இதில் முயற்சி செய்யாதீர்கள். இன்னொன்று, சாக்கரோமைசிஸ் தான் சுரக்கும் புரதங்களில் நீளமான மேனோஸ் சர்க்கரைச் சங்கிலிகளை ஒட்டிவிடும், அதனால் புரதம் நீங்கள் கணக்குப் போட்டதைவிடப் பெரிதாக இருக்கலாம். வெளியே புரதமே வரவில்லை என்று தலையைப் பிய்த்துக்கொள்வதற்கு முன்னால் நாலு மணியைக் கரைத்து, உள்ளே எவ்வளவு தேங்கியிருக்கிறது என்று பார்த்துவிடுங்கள்.

எந்த ப்ரமோட்டர்?

செல் வளர்வதை நம்பி இருக்காத ப்ரமோட்டர். டிடிஎச்3, பிஜிகே1 இரண்டும் சர்க்கரைச் சிதைவு நொதிகளுடையவை, செல் சர்க்கரையைத் தின்கிற வரைக்கும் ஓடும் என்று எதிர்பார்க்கலாம். கேல்1 போட்டால் கேலக்டோஸ் கொடுக்க வேண்டும், குளுக்கோஸ் துளி இருந்தாலும் அது மூடிக்கொள்ளும்.

மணி போடுவது எப்படி? படிப்படியாகச் சொல்லுங்கள்.

சோடியம் ஆல்ஜினேட் 2 முதல் 3 சதவீதம். பொடியை மொத்தமாகத் தண்ணீரில் கொட்டினால் வெளியே பிசினும் உள்ளே உலர்ந்த பொடியுமாகக் கட்டி கட்டியாக நிற்கும், பிறகு எவ்வளவு கலக்கினாலும் கரையாது. தண்ணீர் சுழன்றுகொண்டிருக்கும்போது கொஞ்சம் கொஞ்சமாகத் தூவுங்கள், ராத்திரி முழுக்க விட்டுவிடுங்கள், குமிழி எல்லாம் மேலே வந்து அடங்கிவிடும். ஆட்டோகிளேவ் (அழுத்த நீராவியில் கிருமி நீக்கம்) செய்யலாம், ஆனால் சூட்டில் ஆல்ஜினேட் சங்கிலி உடைந்து கரைசல் நீர்த்துப்போகும், நேரத்தை நீட்டாதீர்கள். நீர்த்துப்போவதைக் கணக்கில் வைத்து முதலிலேயே சற்றுக் கெட்டியாகக் கரைப்பது நல்லது.

வளர்த்த ஈஸ்ட்டை மையவிலக்கில் சுற்றி இறக்கி, உப்புத் தண்ணீரில் கழுவி, ஆறின ஆல்ஜினேட்டில் கலக்குங்கள். பாஸ்பேட் பஃபரில் (பஃபர் என்பது அமிலத்தன்மை மாறாமல் பார்த்துக்கொள்ளும் கரைசல்) கழுவ வேண்டாம், காரணம் அடுத்த பதிலில். பிறகு சிரிஞ்சில் எடுத்து, மெதுவாகச் சுழலும் 0.1 மோலார் கால்சியம் குளோரைடில் சொட்டுச் சொட்டாக விடுங்கள். ஊசி முனை திரவத்துக்கு மிக அருகில் இருந்தால் மணிக்கு வால் முளைக்கும், ரொம்ப உயரத்தில் இருந்தால் விழுகிற வேகத்தில் தட்டையாகும். ஒரு சாண் உயரத்தில் ஆரம்பித்துக் கையாலேயே ஏற்றி இறக்கிப் பாருங்கள், சரியான உயரம் சீக்கிரம் பிடிபட்டுவிடும். விழுந்த உடனே வெளித்தோல் கெட்டியாகும், நடுப்பகுதி இறுக அரை மணி நேரமாவது வேண்டும். நன்றாக வந்த மணிகள் வெந்த ஜவ்வரிசி மாதிரி உருண்டையாக, ஆனால் ஈஸ்ட் இருப்பதால் வெளுத்த பழுப்பு நிறத்தில் இருக்கும். விரலுக்கு நடுவே அழுத்தினால் நசுங்கிவிட்டுத் திரும்ப எழ வேண்டும்.

ஒரு சின்ன விஷயம்: இந்த ஆல்ஜினேட் பழுப்புக் கடல்பாசியிலிருந்து வருகிறது. மண்டபம், ராமேஸ்வரம் கரையில் பெண்கள் கடலுக்குள் இறங்கிச் சேகரிக்கும் பாசிகளில் சர்காசமும் உண்டு, ஆல்ஜினேட் ஆலைகளுக்குப் போகிற பாசி அது. லேபில் 2 கிராம் எடை போடும்போது அந்த உழைப்பும் ஞாபகம் வரட்டும்.

இரண்டு நாளில் மணி ஊதி, குழகுழவென்று ஆகி, கரைந்தே போய்விடுகிறது. ஏன்?

மீடியாவில் பாஸ்பேட் அதிகம், அல்லது சிட்ரேட் இருக்கிறது. ஆல்ஜினேட் சங்கிலிகளை இழுத்துப் பிடித்திருப்பது கால்சியம்தான். பாஸ்பேட்டும் சிட்ரேட்டும் அந்தக் கால்சியத்தைப் பிடுங்கிக்கொள்ளும். பாஸ்பேட் பஃபருக்குப் பதில் எம்ஈஎஸ் மாதிரி பாஸ்பேட் இல்லாத பஃபர் ஒன்றுக்கு மாறுங்கள், மீடியாவிலேயே 5 முதல் 10 மில்லிமோலார் கால்சியம் குளோரைடு சேருங்கள். சேர்த்ததும் மீடியா பால் மாதிரி வெளுத்தால் பாஸ்பேட் இன்னும் கூடுதலாக இருக்கிறது என்று பொருள். பேரியம் அல்லது ஸ்ட்ரான்ஷியம் போட்டால் ஜெல் இன்னும் உறுதியாக வரும், ஆனால் பேரியம் நச்சு, மருந்துக்கான புரதத்தின் பக்கம் அதைக் கொண்டுபோகாதீர்கள்.

இதே குணத்தை நமக்குச் சாதகமாகவும் பயன்படுத்தலாம். மணிக்குள் எத்தனை செல் என்று எண்ண வேண்டுமா, சிட்ரேட்டில் போட்டால் கரைந்துவிடும், எண்ணிக்கொள்ளலாம்.

மணி எவ்வளவு பெரிதாக இருக்கலாம்?

முடிந்தவரை சிறியது. காற்று நிறைந்த தண்ணீரிலேயே 30 டிகிரியில் லிட்டருக்கு 7, 8 மில்லிகிராம் ஆக்சிஜன்தான் கரைந்திருக்கும். செல்கள் அடர்த்தியாக இருக்கும் ஜெல்லில் வெளிப்பக்கத்துச் செல்களே அதைத் தின்று தீர்த்துவிடும், 0.1 அல்லது 0.2 மில்லிமீட்டருக்கு மேல் உள்ளே போகாது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: 3 மி.மீ. மணியில் வெளியிலிருந்து 0.2 மி.மீ. வரைதான் ஆக்சிஜன் என்றால், மொத்தக் கன அளவில் 35 சதவீதம் மட்டுமே அதற்குள் வரும். 1 மி.மீ. மணியில் அதே 0.2 மி.மீ. ஓடு 78 சதவீதம். ஆல்ஜினேட்டின் தரத்தையும் மீடியாவின் கூட்டையும் மாற்றி மாற்றிப் பார்ப்பதற்கு முன்னால் ஊசியை மாற்றுங்கள் என்று நான் சொல்வது இதனால்தான். சிரிஞ்சில் வெறும் கையால் 1 மி.மீ. வருவது கஷ்டம், ஊசி முனையைச் சுற்றிக் காற்று ஊதி சொட்டை முன்னதாகவே உதிரவைக்கும் அமைப்பு வேண்டும். அதைச் செய்துகொள்ளப் பெரிய செலவு ஆகாது.

மீடியா கலங்குகிறது. செல் வெளியே கசிகிறதா?

ஆமாம், கசிகிறது. மேல்தோலுக்குப் பக்கத்தில் இருக்கிற செல்லுக்குச் சாப்பாடும் ஆக்சிஜனும் நிறையக் கிடைக்கும், அது மொட்டுவிட்டுப் பெருகி ஜெல்லைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்து மிதக்க ஆரம்பிக்கும். கிட்டோசன் (இறால், நண்டு ஓட்டிலிருந்து எடுக்கும் பொருள்) பூச்சு கொடுத்தாலோ, செல் இல்லாத ஆல்ஜினேட்டால் இன்னொரு தோல் போட்டாலோ குறையும், முழுக்க நிற்காது. திரவத்தை வேகமாக மாற்றினால் வெளியே வந்த செல்கள் பெருக நேரம் கிடைக்காமல் போய்விடும், அதுவும் நல்ல வழி.

நைட்ரஜனைக் குறைத்துப் பெருக்கத்தை நிறுத்தலாம் என்று ஆல்கஹால் ஆட்கள் சொல்வார்கள். அவர்களுக்கு அது பொருந்தும், ஆல்கஹாலில் நைட்ரஜன் கிடையாது. நமக்கு வேண்டியது புரதம், நைட்ரஜனை வெட்டினால் நம் தலையில் நாமே மண்ணைப் போட்டுக்கொள்கிறோம்.

ஆல்ஜினேட்டை விட்டால் வேறு என்ன?

கப்பா கராஜீனன், பிவிஏ (பாலிவினைல் ஆல்கஹால்) கிரையோஜெல், பாலியூரிதேன் ஸ்பாஞ்சு, பருத்தித் துணி, நுண்துளைப் பீங்கான் என்று நிறைய உண்டு. பாஸ்பேட்டைத் தவிர்க்கவே முடியாத மீடியா என்றால் பிவிஏ நல்லது. துணியிலும் ஸ்பாஞ்சிலும் செல் தானாக ஒட்டிக்கொள்ளும், ஜெல்லின் தடை இல்லாததால் பெரிய புரதம்கூட வெளியே வரும், ஆனால் கசிவு அதிகம். ஈஸ்ட்டின் சொந்த எஃப்எல்ஓ மரபணுக்களைத் தூண்டி, செல்களே ஒன்றோடொன்று ஒட்டித் திரளும்படி செய்வதும் ஒரு வழி.

புரதம் உண்மையாகவே கூடியதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

இங்கேதான் நிறையப் பேர் தங்களைத் தாங்களே ஏமாற்றிக்கொள்கிறார்கள். மணி போட்ட குடுவையில் செல் எண்ணிக்கை பல மடங்கு அதிகமாக இருக்கும், அதில் லிட்டருக்குக் கூடுதல் புரதம் வந்தால் அதில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை. ஒரு கிராம் உலர் செல்லுக்கு, ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு என்று பாருங்கள், அதே எண்ணிக்கையில் மிதக்கும் செல்லை வைத்து ஒரு ஒப்பீடு ஓட்டுங்கள். ஈஸ்ட் இல்லாத வெறும் மணியையும் ஒரு குடுவையில் போடுங்கள், சில புரதங்கள் ஆல்ஜினேட்டிலேயே ஒட்டிக்கொள்ளும். நாளுக்கு ஒருமுறை நாலைந்து மணியைக் கரைத்து ஒய்பிடி தட்டிலும் யூராசில் இல்லாத தட்டிலும் பரப்பி, இரண்டிலும் வரும் காலனிகளை ஒப்பிட்டால் பிளாஸ்மிட் எத்தனை சதவீதம் தங்கியிருக்கிறது என்று தெரியும். இந்த எண் இல்லாமல் எழுதப்படும் அறிக்கையை நான் நம்புவதில்லை.

புரதத்தைச் சுத்தம் செய்வது சுலபமாகுமா?

ஓரளவுக்கு. மணிகள் தானாக அடியில் தங்கும், செல்லைப் பிரிக்கிற வேலை குறையும். திரவம் சீக்கிரம் வெளியேறுவதால், செத்த செல்களிலிருந்து வரும் புரதச் சிதைப்பு நொதிகளிடம் நம் புரதம் சிக்குகிற நேரமும் குறைவு. என்றாலும் கசிந்த செல்களை நீக்க ஒரு வடிகட்டல் கட்டாயம் வேண்டும்.

கல்லூரி லேபில் செய்ய அனுமதி வேண்டுமா? வீட்டில் செய்து பார்க்கலாமா?

இந்தியாவில் மரபணு மாற்றிய உயிரிகள் எல்லாமே சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் 1989-ஆம் ஆண்டு விதிகளுக்குள் வருகின்றன. உங்கள் நிறுவனத்தின் உயிரிப் பாதுகாப்புக் குழுவுக்குத் தெரியாமல் ஆரம்பிக்காதீர்கள். பேக்கரி ஈஸ்ட் சாதுவானதுதான், ஆனால் அதற்குள் நீங்கள் வைக்கிற மரபணு எது என்பதைப் பொறுத்துத்தான் முடிவு. மணிக்குள் இருக்கிறதே, வெளியே போகாதே என்று வாதாட வேண்டாம், கசிகிறது என்று மேலேயே பார்த்தோம். வேலை முடிந்ததும் மணி, மீடியா எல்லாவற்றையும் 121 டிகிரியில் ஆட்டோகிளேவ் செய்துவிட்டுத்தான் கொட்ட வேண்டும். வீட்டில் ஆசைக்குச் செய்து பார்க்க வேண்டுமானால் கடையில் வாங்கிய சாதாரண ஈஸ்ட்டை அடைத்துச் சர்க்கரைத் தண்ணீரில் போடுங்கள், குமிழி விடுவதைப் பார்க்கலாம்.

இவ்வளவு நல்ல முறை என்றால் பெரிய மருந்து நிறுவனங்கள் ஏன் இதில் இறங்கவில்லை?

மிதக்கும் செல்லில் அவர்களுக்கு வேலை நன்றாக நடக்கிறது, அதுதான் காரணம். ஆயிரக்கணக்கான லிட்டர் ஃபெர்மென்டருக்குப் போதுமான மணியைக் கிருமி புகாமல் போடுவது லேசான வேலை இல்லை, அனுமதி பெற்ற ஒரு செய்முறையை மாற்றுவது அதைவிடக் கஷ்டம். இந்த முறைக்கு எதிர்காலம் சிறிய, எடுத்துச் செல்லக்கூடிய உற்பத்தியில்தான் என்று நான் நினைக்கிறேன். 2020-இல் அல்ஷகிம் நெல்சன், ஹால் ஆல்பர் ஆகியோரின் குழுக்கள் நுண்ணுயிர்களை ஹைட்ரஜெல்லில் அடைத்து, உறையவைத்து உலர்த்திச் சேமித்து, தேவைப்படும்போது சிறு மூலக்கூறுகளையும் பெப்டைடுகளையும் எடுக்க முடியும், அதே ஜெல்லைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தவும் முடியும் என்று காட்டின. குளிர்பதன வசதி இல்லாத ஊருக்கு மருந்துக்குப் பதில் மருந்து செய்யும் ஜெல்லையே அனுப்ப முடிந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்! சுத்திகரிப்பை அங்கே எப்படிச் செய்வது என்பதற்கு வழி கண்டாக வேண்டும், அந்தப் பக்கம் வேலை செய்ய ஆட்கள் வர வேண்டும்.

போட்ட மணியை எத்தனை நாள் வைத்திருக்கலாம்?

நீர்த்த கால்சியம் குளோரைடில் 4 டிகிரியில் வையுங்கள், ஓரிரு வாரம் தாங்கும். எடுத்ததும் நேராக உற்பத்தியில் போடாமல், புது மீடியாவில் ஒரு ராத்திரி எழுப்பிவிட்டு, நாலு மணியைக் கரைத்து மெத்திலீன் நீலத்தில் உயிருள்ள செல்களின் பங்கைப் பாருங்கள். நீலமாக மாறியவை செத்தவை. பாதிக்கு மேல் நீலம் என்றால் அந்தத் தொகுதியை விட்டுவிட்டுப் புதிதாகப் போடுவதே மேல்.